கம்பியில்லா விசைப்பலகையும் தமிழுக்குரிய ஐந்து விசைகளும்

வீட்டுக் கணினிக்கென்று கம்பியில்லா விசைப்பலகையும், பிள்ளைகள் மவுஸ் என்று வழங்கும் சுட்டியும் வாங்கப் புறப்படும் பெற்றோர், கடையில் நிறத்தைப் பார்க்கின்றனர், விலையைப் பார்க்கின்றனர், பேட்டரி எத்தனை மாதம் உழைக்கும் என்று கேட்கின்றனர். இவையெல்லாம் கேட்கத்தக்க கேள்விகளே. ஆனால், பலகையின் வலப்புற ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ஐந்து விசைகளை விரலால் தொட்டுப் பார்ப்போர் மிகச் சிலர். ஆங்கிலம் எழுதுவோர்க்கு அவை வெறும் குறிகள்: சதுர அடைப்புக்குறி இரண்டு, அரைப்புள்ளி ஒன்று, மேற்கோள்குறி ஒன்று, சாய்கோடு ஒன்று. தமிழ் எழுதுவோர்க்கோ அவை ச, ஞ, ந, ய, ழ என்னும் ஐந்து மெய்கள். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் ‘தமிழ்’ என்னும் பெயரையே எழுத இயலாமற் போகலாம்.

அந்த ஐந்தும் அங்கே போய் அமர்ந்தது ஏன், கம்பி போன பின்னர் அவற்றுக்கு நேர்ந்த இடையூறு யாது என்பனவற்றை முறையாக அறிந்துகொண்டால், கடையில் எதை எடுப்பது எதை விடுப்பது என்பது தானே விளங்கும். ஆகவே, கதையைச் சற்றுப் பின்னிருந்தே தொடங்குவோம்.

அமெரிக்க நாட்டின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டபர் லேதம் ஷோல்ஸ் என்பவர் வாழ்ந்தார். பத்திரிகை நடத்தியவர், அச்சுத் தொழில் அறிந்தவர், துறைமுகச் சுங்க அலுவலிலும் இருந்தவர். அவர் தம் நண்பர்களாகிய கார்லோஸ் கிளிடன், சாமுவேல் சூல் ஆகிய இருவருடன் சேர்ந்து, விரலால் தட்டினால் எழுத்துப் பதியும் ஒரு பொறியை அமைத்து, 1868ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1873இல் அப்பொறியைச் செய்யும் பொறுப்பு ரெமிங்டன் நிறுவனத்தாரிடம் சென்றது. அவர்கள் துப்பாக்கியும் தையற்பொறியும் செய்து பழகியவர்கள். 1874இல் விற்பனைக்கு வந்த முதற் பொறியைப் பார்த்தால் அந்தப் பழக்கம் நன்கு தெரியும். தையற்பொறியின் மேசை போன்ற மேசை, பூ வேலைப்பாடு, தாள் தாங்கிய வண்டியைத் திருப்பக் காலால் மிதிக்கும் மிதிபலகை! எழுத்தும் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து மட்டுந்தான். சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் ஒரே விசையில் ஏறி, அவற்றை மாற்றித் தரும் ஷிப்ட் விசையும் சேர்ந்தது 1878இல் வெளிவந்த ரெமிங்டன் இரண்டாம் எண் பொறியில். இன்று நம் மேசைமேல் உள்ள பலகையின் எழுத்து வரிசை ஏறத்தாழ அப்பொறியின் வரிசையே.

அந்த வரிசை ஏன் அவ்வாறு அமைந்தது? அடுத்தடுத்து வரும் எழுத்துகளின் நெம்புகோல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாதிருக்க அவற்றைப் பிரித்து வைத்தனர் என்பது பலரும் கூறும் விளக்கம். ஜப்பானிய ஆய்வாளர்களாகிய கோயிச்சி யாசுவோகா, மொத்தோகோ யாசுவோகா ஆகிய இருவர் 2011இல் இதனை மறுத்தனர். தந்தி நிலையத்தில் மோர்ஸ் ஒலியைக் கேட்டுக்கொண்டே எழுதியவர்களின் தேவைக்கேற்பவே வரிசை படிப்படியாக மாறியது என்பது அவர்கள் கருத்து. எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. பொறியைச் செய்தவன் விருப்பத்தைவிட அதை நாளும் தட்டியவன் விரல்தானே அதிகம் பேசியிருக்கும்? 1936இல் ஆகஸ்ட் டுவோராக் என்பவர் விரலுக்கு இன்னும் எளிதான ஒழுங்கொன்றைக் கண்டு காப்புரிமையும் பெற்றார். உலகம் அசையவில்லை. பழகிய விரல் பழகியதை விடாது.

நமக்கு வேண்டிய செய்தி வேறொன்று. அந்த வரிசையில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் மேல் வரிசையில் 10, நடுவரிசையில் 9, கீழ் வரிசையில் 7 என்று இடப்புறத்திலிருந்து அடுக்கப்பட்டன. எழுத்துகள் முடிந்த பின் வலப்பக்கம் எஞ்சிய இடம் குறிகளுக்கு விடப்பட்டது. ஆங்கிலேயன் வீட்டில் அது பின்கட்டு. அடிக்கடி போகவேண்டிய இடமன்று. பிற்காலத்தில் பலகையைச் சுருக்க நினைத்தவர்கள் முதலில் அந்தப் பின்கட்டிலேயே கைவைத்ததற்குக் காரணம் இதுவே.

இனித் தமிழுக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகளை ஒரு தட்டெழுத்துப் பொறியில் அடக்குவது எளிதன்று. இதனைச் செய்து காட்டியவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. அவர் 1907இல் மலாயாவுக்கு வந்து, பின்னர்ச் சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தர் பணி பார்த்தவர். ஆங்கிலத் தட்டெழுத்தோடு நாளும் பழகிய அந்தக் கையே தமிழுக்கும் ஒரு பொறி வேண்டும் என்று எண்ணியது. தமிழ்த் தட்டெழுத்தின் வரலாற்றில் இந்த மண்ணுக்கும் ஒரு பங்குண்டு என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

முத்தையா கண்ட வழி நுட்பமானது. புள்ளியும், இகர ஈகாரக் குறிகளும் எழுத்தின் தலைமேல் ஏறவேண்டியவை. ஆங்கிலப் பொறியிலோ ஒரு விசையைத் தட்டியவுடன் வண்டி ஓரிடம் நகர்ந்துவிடும். ஆகவே, தட்டினாலும் வண்டி நகராத விசைகளை அவர் அமைத்தார். குறி முதலில் விழும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பின் மெய்யெழுத்து அதன் கீழ் விழுந்து இரண்டும் ஒன்றாகும். அவர் வடிவமைத்த பொறிகள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துச் சைடல் நௌமன் நிறுவனத்தில் செய்யப்பட்டன. அன்று தொடங்கித் தமிழின் விசைகள் ஆங்கிலப் பொறியின் வலப்புற ஓரம் வரை பரவின. பழைய தட்டெழுத்து வகுப்பில் படித்தவர்களைக் கேட்டால், “யளனக” என்று இடக்கைக்கும், வலக்கைச் சுண்டுவிரலுக்குப் புள்ளியும் என்று இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தப் புள்ளி இருந்த இடந்தான் ஆங்கிலத்தின் அரைப்புள்ளி விசை. தமிழில் எத்தனை சொற்களில் புள்ளி வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்தச் சுண்டுவிரல் பட்ட பாடு விளங்கும்.

கணினி வந்த பிறகு குழப்பம் மிகுந்தது. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விசை ஒழுங்கைக் கொண்டு வந்தது. ஓர் அலுவலகத்தில் பழகியவர் மற்றோர் அலுவலகத்தில் தட்டுத் தடுமாறினார். இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியிலும் நம் வட்டாரத்தார் முன்னின்றனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே தமிழ் மென்பொருளில் ஈடுபட்டு ‘முரசு அஞ்சல்’ என்பதை உருவாக்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமாகிய நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்னும் விசை ஒழுங்கை அமைத்தார். 1995இல் இணையத்தில் தமிழெழுத்தில் சிங்கப்பூர்க் கவிதைகள் தோன்றியதும் அவர் முயற்சியால். 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாட்டில் பொது விசைப்பலகை வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டில் அது உருப்பெற்றது. அவ்வாண்டு மே மாதத்தில் கோவிந்தசாமி காலமானார். அடுத்த மாதமே தமிழ்நாட்டு அரசு ‘தமிழ்99’ என்னும் ஒழுங்கினை ஏற்று ஆணை பிறப்பித்தது.

தமிழ்99 ஒழுங்கினை நான் மெச்சுவது அதன் இலக்கண உணர்வுக்காக. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள், வகரமும் ஙகரமும் நீங்கலாக, வலக்கைக்கு. மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய். ‘ம’ தட்டி ‘இ’ தட்டினால் ‘மி’. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே வந்துவிடும்; ‘அம்மா’ என்பதற்கு நான்கே தட்டல். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. முதலாம் ஆண்டில் நாம் கரும்பலகையில் சொல்லித் தரும் பாடத்தையே விரலுக்கும் சொல்லித் தருகிறது இம்முறை. ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழைப் பெறும் வழி வேறொன்று உண்டு. பெரியவர்களுக்கு அது கைகொடுக்கும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், தமிழெழுத்தைக் கற்கும் பருவத்திலேயே ஒரு குழந்தை ஆங்கில எழுத்தின் வழியாகத் தமிழை நினைக்கத் தொடங்குவது எனக்கு உடன்பாடன்று.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. கூட்டினால் 31. ஷிப்ட் விசை இன்றி ஒரே தட்டில் வரவேண்டியவை இந்த 31ம். ஆங்கில எழுத்து விசைகளோ 26. எஞ்சிய ஐந்துக்கும் இடம் எங்கே? ஷோல்ஸ் காலத்திலிருந்து வலப்புற ஓரத்தில் குறிகளுக்கு விடப்பட்ட பின்கட்டில்தான். மேல் வரிசையில் பி விசையை அடுத்த அடைப்புக்குறிகளில் சகரமும் ஞகரமும், நடுவரிசையில் எல் விசையை அடுத்த அரைப்புள்ளியில் நகரமும், அதற்கடுத்த மேற்கோள்குறியில் யகரமும், கீழ் வரிசையின் கடைசியில் சாய்கோட்டில் ழகரமும் அமர்ந்தன. நம் நாட்டில் வழங்கும் பிற மொழிகளுக்கு இத்தொல்லை இல்லை. மலாய்மொழியின் ரூமி எழுத்துக்கு 26 விசைகள் போதும்; சீனமொழியைப் பின்யின் முறையில் எழுதுவோர்க்கும் அவை போதும். ஆகவே, பெரும்பாலோரை எண்ணிப் பலகையைச் சுருக்கும் உற்பத்தியாளனுக்கும், அதை வாங்கி அடுக்கும் கடைக்காரருக்கும் நம் ஐந்து விசைகள் கண்ணிற் படுவதில்லை. கேட்டுப் பார்த்து வாங்க வேண்டியவர்கள் நாமே.

இனிக் கம்பி அறுந்த கதை. 1983 நவம்பரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வீட்டுக்கென்று ஒரு கணினியை அறிவித்தனர், பி.சி. ஜூனியர் என்பது அதன் பெயர். அதன் விசைப்பலகைக்குக் கம்பி தேவையில்லை. தொலைக்காட்சிக்கு நாம் கையில் வைத்து அழுத்தும் கருவியைப் போலவே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால் அது கணினியோடு பேசியது. நான்கு சிறு பேட்டரிகளில் இயங்கியது. நாற்காலியில் சாய்ந்துகொண்டே எழுதலாம் என்பது கவர்ச்சி. நடந்ததோ வேறு. இடையில் ஏதேனும் மறைத்தால் கதிர் சேராது. ஒரே அறையில் இரண்டு கணினிகள் இருந்தால் ஒன்றின் பலகை மற்றொன்றோடும் பேசத் தொடங்கியது. வகுப்பறை நடத்திய எவருக்கும் இதன் விளைவு சொல்லாமலே விளங்கும். இறுதியில் அந்நிறுவனமே கம்பி ஒன்றைத் தனியாக விற்க வேண்டியதாயிற்று!

அப்பலகைக்கு வந்த பெரிய பழி கம்பியைப் பற்றியதன்று; விசைகளைப் பற்றியது. விசைகள் சூயிங்கம் துண்டுகளைப் போலச் சிறியனவாய், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நின்றன. எழுத்துகள் விசையின்மேல் இல்லை. பலகையில், விசைகளுக்கு மேற்புறத்தில் அச்சிடப்பட்டிருந்தன. வேண்டியபோது வேறு எழுத்தோ கட்டளையோ அச்சிட்ட அட்டையை மேலே பொருத்திக்கொள்ளலாம் என்பது நோக்கம். பிறமொழி எழுதுவோர்க்கு அது நல்ல எண்ணமே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால், தட்டெழுத்துப் பழகிய விரல்கள் அதை ஏற்கவில்லை. 1984ஆம் ஆண்டின் நடுவில் நிறுவனத்தார் வேறு பலகை செய்து, முன்பு வாங்கியவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தனர். 1985இல் அக்கணினி நின்றேபோயிற்று. கம்பியில்லா வசதி எவ்வளவு பெரிதாயினும், விசை சரியில்லையானால் மக்கள் விலக்கிவிடுவர் என்பதற்கு இது முதற் சான்று.

சுட்டியின் கதை சிறியது. டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆய்வு நிலையத்தில் இருந்தபோது, 1964இல் அவர் எண்ணத்தை மரக்கட்டையில் செய்து தந்தவர் பில் இங்கிலிஷ். அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒரு பொத்தான். வால்போல் கம்பி தொங்கியதால் எலி என்றழைத்தனர். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் அவையோர் முன் அதனை இயக்கிக் காட்டினர். 1970இல் காப்புரிமை கிடைத்தது. அது 1987இல் காலாவதியாயிற்று. வீட்டுக்கு வீடு சுட்டி புகுந்தது அதன் பிறகே. ஆகவே, எங்கெல்பார்ட்டுக்கு அதனால் பெரும்பொருள் ஏதும் சேரவில்லை. இன்று வால் போய்விட்டது. எலி என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

வாலை அறுத்தது வானொலி அலை. லாஜிடெக் நிறுவனத்தார் 1991இல் வானொலி அலையால் இயங்கும் சுட்டியை வெளியிட்டனர். அகச்சிவப்புக் கதிருக்கு நேர்ப்பார்வை வேண்டும். வானொலி அலைக்கு வேண்டா. மேசைக்கடியில் கணினி இருந்தாலும் அலை சென்று சேரும். முதலில் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வழங்கியது, இன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். இவ்வரிசையில் இருவகை உண்டு. ஒன்று, கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகும் விரல்நுனியளவு சிறு ஏற்பியோடு வருவது. மற்றொன்று புளூடூத். இது 1994இல் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய முயற்சி. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னனின் பட்டப்பெயரே அதற்கு இடப்பட்டது.

வானொலி அலைக்கு ஓர் இயல்பு உண்டு. வீட்டுச் சுவரோடு அது நிற்காது. நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும், வங்கியின் மறைசொல் உட்பட, அறைக்கு வெளியேயும் செல்லும். 2007இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் இருவர் 27 மெகாஹெர்ட்ஸ் விசைப்பலகை ஒன்றின் பூட்டு எவ்வளவு எளியது என்பதை வெளிப்படுத்தினர். அதனைத் திறந்து, தட்டியதை அப்படியே படிக்க முடிந்தது. 2016இல் அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவனத்தார் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினர். மலிவான பலகைகள் சில, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையிலும் எழுத்துகளைப் பூட்டே இன்றி அனுப்பிக்கொண்டிருந்தன. பல சுட்டிகளின் ஏற்பிகளோ, வெளியே நின்று ஒருவர் அனுப்பும் பொய்த் தட்டலையும் மெய்யென்று ஏற்றன. ஆகவே, பெட்டியின்மேல் 128 பிட் ஏ.இ.எஸ். என்னும் மறையாக்கம் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நன்று. அக்குறிப்பில்லாத பெயரறியாப் பலகையைப் பிள்ளையின் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டா. வீட்டில் கிடக்கும் பழைய 27 மெகாஹெர்ட்ஸ் பலகைக்கும் இதுவே விதி.

கம்பி போனதால் வந்த பெரிய மாற்றம் மற்றொன்று. கம்பியோடிருந்தவரை பலகை மேசையை விட்டு நகரவில்லை. அதைச் சுருக்க வேண்டிய தேவையும் இல்லை. கம்பி போனதும் அது பையில் ஏறியது. கைப்பலகைக் கணினியோடு சேர்த்து மடிக்கவும் உறையில் செருகவும் ஏற்றவாறு சுருங்கியது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் அடைபட்டபோது, நம் தோட்டத்து வீடுகளிலும் இத்தகைய சிறு புளூடூத் பலகைகள் புகுந்தன. வேறு வழியில்லாத நாளில் அவை செய்த உதவியை மறக்கலாகாது. ஆனால், கட்டுப்பாடு நீங்கிய பின்னரும் அவை வீட்டுக் கணினியின் நிலையான பலகைகளாகத் தங்கிவிட்டன.

அதன் விளைவை நான் கண்டது ஒரு மாணவியின் கட்டுரையில். ஐந்தாம் ஆண்டுச் சிறுமி. வீட்டில் கணினியில் எழுதி அச்சிட்டுக் கொண்டுவந்தாள். ‘வாலைப்பலம்’, ‘மலைக்காலம்’, ‘தமில்’ என்று பக்கம் முழுதும் ழகரம் லகரமாயிருந்தது. பார்த்தவுடன் உச்சரிப்புக் குறை என்றுதான் எவர்க்கும் தோன்றும். ஆனால், அவளுடைய கையெழுத்து ஏட்டில் ழகரம் ஓரிடத்திலும் பிழையில்லை. பலகையைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவே இருந்தது அது. சாய்கோட்டுக்குத் தனி விசை இல்லை. மூலையிலுள்ள மற்றொரு விசையை அழுத்திக்கொண்டு அம்புக்குறி விசையைத் தட்டினால்தான் ழகரம் வரும். மேற்கோள்குறி விசையோ பாதி அகலம். பத்து வயதுக் குழந்தை எத்தனை முறை அவ்வாறு இரண்டு விரலை முறுக்கிக்கொண்டிருக்கும்? பக்கத்தில் எளிதாய்க் கிடைத்த லகரத்தைத் தட்டிவிட்டுப் போயிற்று. முழு அளவுப் பலகை ஒன்றைப் பள்ளியிலிருந்து இரவல் கொடுத்தேன். அடுத்த கட்டுரையில் வாழைப்பழம் தன் ழகரத்தோடு வந்தது.

இதனை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ழகரத்தை நாவில் ஏற்றுவதற்கு நாம் படும் பாடு ஆசிரியர்கள் அறிந்ததே. நாவால் அரும்பாடுபட்டு வந்த எழுத்து, விரலிடத்தில் ஒரு மலிவுப் பொருளின் அமைப்பால் தொலைவதை எப்படிப் பொறுப்பது? சிறுமியின் தந்தை அதனை விலை பார்த்தே வாங்கியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடையில் அவரிடம் எவரும் இதைச் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவரும் அங்கில்லை.

எனில், எதை வாங்குவது? முதலில் அளவு. எண்களுக்கென்று வலப்புறத்தில் தனியாக நிற்கும் 17 விசைத் தொகுதி, கணக்கு எழுதுவோர்க்கு வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் வேண்டா. அது இருந்தால் சுட்டி வலப்புறம் வெகுதூரம் தள்ளிப் போகிறது. தமிழ்99 முறையில் மெய்கள் பெரும்பாலும் வலக்கையில் இருப்பதால், சுட்டிக்கும் விசைக்குமாக அலைவது அந்த ஒரு கைதான். ஆகவே, எண் தொகுதி இல்லாமல், எழுத்துப் பகுதி மட்டும் முழு அளவில் உள்ள பலகையே நமக்கு ஏற்றது. ‘சிறியது’ என்று கடையில் ஒரே பெயரால் இரண்டு பொருளைக் காட்டுவார்கள். எண் தொகுதியை நீக்கிச் சிறிதானது வேறு. எழுத்து விசைகளையே நெருக்கிச் சிறிதானது வேறு. முன்னதை எடுக்கலாம், பின்னதைத் தொடவே வேண்டா.

அடுத்து இணைப்பு. ஒரே மேசையில் நிலையாக இருக்கும் கணினிக்குச் சிறு ஏற்பியோடு வரும் வகையே தொல்லையில்லாதது. செருகியவுடன் வேலை செய்யும். கணினி முற்றும் எழும் முன்னரே விசைகள் பேசும். பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் புளூடூத் வசதி இராது என்பதையும் நினைவிற் கொள்க. ஒரே பலகையைக் கணினிக்கும் கைப்பலகைக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த எண்ணுவோர் புளூடூத் வகையை எடுக்கலாம். ஏற்பியைச் செருகும்போது ஒரு செய்தி: நீல நிறத்தில் உள்ள யு.எஸ்.பி. 3 துளையில் வெளித் தட்டு ஒன்று வேலை செய்துகொண்டிருக்கையில், அதனருகே 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இரைச்சல் எழும் என்பதை இன்டெல் நிறுவனத்தாரே 2012இல் விளக்கியுள்ளனர். தட்டிய எழுத்து விட்டு விட்டு விழுமானால் பலகையைப் பழிக்கும் முன் ஏற்பியை வேறு துளைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

விசையின் ஆழம், ஓசை முதலியன அவரவர் விரலைப் பொறுத்தவை. பழைய தட்டெழுத்துப் பொறியில் பழகிய கை ஆழமான விசையை விரும்பும், பிள்ளைகளின் கை மெல்லிய விசைக்கு எளிதிற் பழகும். சுட்டியைப் பொறுத்தவரை, வாங்கப் போகும்போது பிள்ளையை உடன் அழைத்துச் சென்று அதன் கைக்குள் அடங்குகிறதா என்று பார்த்தாற் போதும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு ஒருபுறம் சாய்ந்த சுட்டி ஆகாது. இருபுறமும் ஒத்ததே வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய வகையை நான் விரும்புகிறேன். உள்ளே புதைத்த பேட்டரி ஓய்ந்தால் பலகையே ஓய்ந்துபோகும். ஆனால், ஆண்டிறுதி விடுமுறைக்கு வெளியூர் செல்வோர் பேட்டரியைக் கழற்றிவிட்டே செல்ல வேண்டும். அவ்வாறே விட்டால் அது கசிந்து உள்ளிருக்கும் தகட்டை அரித்துவிடும்.

தமிழெழுத்து அச்சிட்ட பலகை நம் கடைகளில் எளிதிற் கிடைப்பதில்லை. அதனால் தடையொன்றுமில்லை, இன்றைய விண்டோஸ் முதலியவற்றில் தமிழ்99 ஒழுங்கு உள்ளேயே இருக்கிறது. அமைப்புப் பகுதியில் மொழியைச் சேர்த்து அதைத் தேர்ந்துகொண்டாற் போதும். எழுத்துகளைச் சிறு ஒட்டுகளில் எழுதி விசைகளில் ஒட்டிக் கொடுத்தால், சில வாரங்களில் பிள்ளை பலகையைப் பாராமலே எழுதப் பழகிவிடும். கடைக்குப் போகுமுன் அவ்வாறான 31 ஒட்டுகளை வீட்டிலேயே பிள்ளையைக் கொண்டு எழுதச் செய்து, அவற்றுள் ச, ஞ, ந, ய, ழ ஐந்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காட்சிக்கு வைத்த பலகையின் வலப்புற ஓரத்தில், மேல் வரிசையில் இரண்டு, நடுவரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் ஒன்று என்று அவற்றை வைத்துப் பாருங்கள். ஐந்துக்கும் முழு அகலத்தில் தனித்தனி விசை இருந்தால் விலையைக் கேட்கலாம்.